லுசேர்னில் பாத்திரம் கழுவியவள்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களைக் கொண்டல்ல, அதன் பெண்கள் தனியே எவ்வளவு தூரம் அச்சமின்றிப் போய்வருகிறார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். உலகத் தமிழ்ப் பெண்கள் பயணப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கடிதத் தலைப்பில் இந்த வாசகம் தங்க நிறத்தில் அச்சாகியிருந்தது. எழுதியவர் ஒன்றியத்தின் நிறுவுநரும் தலைவருமான சண்முகநாதன். கனடாவில், வீடு இருக்கும் அஜக்ஸிலிருந்து பக்கத்து ஊரான மில்லிக்கன் வரை தனியே கார் ஓட்டிப் போக அவருடைய மனைவி இராஜேஸ்வரிக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் 401 நெடுஞ்சாலை வழுக்கும் என்றார் தலைவர். கோடையில் வீதி திருத்துகிறார்கள் என்றார். இலையுதிர் காலத்துக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

ஒன்றியத்தின் செயலாளர் வாகீசன், கணினி தெரியாதவர்களால் கணினி தெரிந்தவர் என்று நம்பப்பட்டவர். பொருளாளர் இராஜேஸ்வரி. தான் பொருளாளர் என்பது கடிதத் தலைப்பைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரியவந்தது.

ஐரோப்பாவில் தலைவருக்கு நேரடி அனுபவம் இருந்தது. 1989இல் பிராங்க்பேர்ட் விமான நிலையத்தின் இருக்கையொன்றில், ஒரு மலேசிய வர்த்தகரின் பெயரில், ஒரு பகல் முழுவதும் அசையாமல் குந்தியிருந்தார். கடவுச்சீட்டிலிருந்த வர்த்தகரின் படத்தை உரித்துவிட்டு இவருடைய படத்தை ஒட்டியிருந்தார்கள். தலை மாத்தின பாஸ்போட் என்று அதைச் சொல்வார்கள். அந்த ஒரு பகலின் பலத்தில், ‘ஐரோப்பாவில் தனித்துச் செல்லும் பெண்: அபாயங்களும் அரண்களும்’ என்ற தலைப்பில் அவரால் ஒன்றரை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் பேச முடிந்தது.

இப்படியான வீட்டில்தான், தான் தனியே சுவிற்சர்லாந்து போகப்போவதாக மகள் சாம்பவி சொன்னாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. மார்க்கம் நகரில் கண் பரிசோதகராக வேலை. லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, ஹோட்டலும் பிடித்தபிறகு, சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தியாக அதைச் சொன்னாள்.

“ஆரோட?” என்றார் தகப்பன்.

“தனியத்தான் அப்பா.”

“தனிய எண்டா எத்தினை பேர்?”

“தனிய எண்டா ஒரு ஆள் அப்பா.”

சுவிற்சர்லாந்தைப் பற்றி அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. குற்றம் குறைந்த நாடு என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒன்றையே சொல்கிறார்கள் என்றால் எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

“ரெயின் நேரத்துக்கு ஓடுற நாட்டில கள்ளனும் நேரத்துக்குத்தான் வருவான்” என்றார். “நானும் வாறன். அம்மாவும் வருவா.”

“சீரியஸா அப்பா? அப்ப அது ட்ரிப் இல்லை, கலியாணவீடு.”

மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நான்காம் நாள் தலைவர் ஒரு தீர்வோடு வந்தார்; அதற்கு ஏற்கனவே ஒரு பெயரும் வைத்திருந்தார். கையளிப்பு முறை.

ஒருவர் ஐரோப்பாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் ஸ்காபரோவில் பாதிப் பேர் பார்சலோடு வந்து வாசலில் நிற்பார்கள். வறுத்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, யாருக்கோ தைத்த சட்டை. மற்றவர்களுக்கு அது தொல்லை. தலைவர் அதற்குள் ஒரு விஞ்ஞானத்தைக் கண்டார். பெண் போகிற ஒவ்வொரு ஊரிலும் எங்கள் ஆள் ஒருவருக்கு ஒரு பார்சல். அவள் அந்த வீட்டுக்குப் போய் அதைக் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் ‘பார்சல் கிடைச்சது’ என்று தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அறிவிப்பார்கள். பார்சல் சேர்ந்தது என்றால் பெண்ணும் சேர்ந்தாள்.

“பேர்னில அம்மாவின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி பேபி. ஒல்ரனில என்னோட படிச்ச அன்புராசா. லுசேர்னில எங்கட தியாகலிங்கம். மூண்டு பை மிளகாய்த்தூள். முறை சரிவந்தால், வாற வருசம் நீ எங்க வேணுமெண்டாலும் தனியப் போகலாம். பிழைச்சுதெண்டா, இனி நீ எங்க போனாலும் நானும் அம்மாவும் கூட வருவம்.”

சாம்பவிக்கு அடுத்த வருடம் நோர்வே போகும் எண்ணம் இருந்தது. மறுபேச்சில்லாமல் மூன்று பைகளையும் பெட்டிக்குள் வைத்தாள். அந்த மறுபேச்சின்மை தலைவருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஆனாலும் அவர் நோட்டீஸ் அடித்துவிட்டார். மகள் போன இரண்டாவது ஞாயிறு, மில்லிக்கனில் ஒரு விருந்து மண்டபத்தில், கையளிப்பு முறை உலகுக்கு அறிமுகம்.

பார்சல்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. பேர்ன்: கிடைச்சது. ஒல்ரன்: கிடைச்சது, நன்றி மச்சான். லுசேர்ன்: கிடைச்சது அண்ணை, நல்ல வாசம். சாம்பவியும் நாள்தோறும் படம் அனுப்பினாள். ஏரி. மலை. மாடு. மறுபடியும் ஏரி. ஒன்றிலும் ஆள் இல்லை. தலைவர் ஏரியைப் பெரிதாக்கிப் பார்த்தார். தண்ணீரில் எவருடைய நிழலாவது தெரிகிறதா என்று. வாத்து தெரிந்தது.

உரைக்குச் சான்றுகள் வேண்டும் என்பதற்காக மூன்று வீடுகளுக்கும் அவரே தொலைபேசி எடுத்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

முதலில் பேர்ன்.

“அத்தான், பிள்ளையெண்டா அதுதான் பிள்ளை!” என்றார் பேபி. “வாசல்ல செருப்பைக் கழட்டி நேர வைச்சிட்டுத்தான் உள்ளுக்க வந்தவள். நண்டுக் கறி வைச்சனான். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்.”

தலைவரின் பேனா நின்றது. சாம்பவி ஸ்ரௌவ்வில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் நண்டுக் கால் ஒன்றைக் கடித்துவிட்டு, உதடு பணியாரம் போல வீங்கி, அம்புலன்சில் போனவள்.

அடுத்தது ஒல்ரன்.

“மச்சான், உன்ர பிள்ளை ரெண்டு மணித்தியாலம் எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது” என்றார் அன்புராசா. “என்ன தமிழ்! ஒரு இங்கிலீஷ் சொல்லு வாயில வரேல்லை. மாதா சத்தியமா.”

சாம்பவிக்குத் தமிழில் இரண்டு நிமிடம் ஓடும். அதற்குமேல் ‘யூ நோ வட் ஐ மீன்’ என்று கையால் முடிப்பாள். பள்ளிக்கூடத்தைப் பற்றித் தகப்பன் வாய் திறந்தால் மாடிக்குப் போய்விடுவாள்.

கடைசியாக லுசேர்ன். தியாகலிங்கம் தலைவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பத்து வருடமாக எந்தக் கலியாணத்திலும் சந்திக்காதவர்.

“சண் அண்ணை, குனிஞ்ச தலை நிமிரேல்லை. சாப்பிட்டிட்டுச் சும்மா இருக்கேல்லை. நாங்கள் வேண்டாம் வேண்டாமெண்ணத் தானே எழும்பிப்போய் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுத்தான் போனது. சட்டி உள்பட.”

தலைவர் தொலைபேசியை வைத்தார். இராஜேஸ்வரி மரக்கறி வெட்டிக்கொண்டு விசாரித்தார். அவர் சொன்னார்.

“பாத்திரம் கழுவினதோ?” கத்தி நின்றது. “அப்ப அது என்ர பிள்ளை இல்லை.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் ஒரு தாயின் வாக்குமூலத்தை இலகுவாகத் தள்ளிவிடும் மனிதரல்ல தலைவர். அவர் உடனே செயலாளரை வரவழைத்தார்.

வாகீசன் கதையை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.

“அண்ணை, உது தலை மாத்தின வேலை போல கிடக்கு.”

“நானும் அதைத்தான் யோசிச்சனான்.”

“சாம்பவியின்ர பேரில வேற ஒருத்தி எங்கட சனத்தின்ர வீடுகளுக்குள்ள போய் வாறாள். பார்சலைக் காட்டினா ஆர் மறிக்கிறது? நீங்கள் அந்தக் காலத்தில மலேசியன் பேரில வரேல்லையே.”

“நான் போன வீட்டில நண்டு கேட்டுத் தின்னேல்லை” என்றார் தலைவர் கண்டிப்பாக.

“இஞ்சாருங்கோ,” இராஜேஸ்வரி குசினியிலிருந்து கேட்டார், “கனடா பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போய் லுசேர்னில சட்டி கழுவுறதுக்கு அவளுக்கென்ன விசரே? பிள்ளைக்கு ஒரு போன் எடுத்துக் கதையுங்கோவன்.”

எடுத்தார். சாம்பவி லுகானோவில், ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, பேபி அன்ரி வீட்டில என்ன சாப்பிட்டனீ?”

“பார்சல் கிடைச்சதெண்டு சொன்னவா தானே அப்பா?”

“அதில்லை. என்ன சாப்பிட்டனீ?”

“அப்பா, இஞ்ச லைன் கட் ஆகுது. ஐ ஆம் ஃபைன். நாளைக்கு எடுக்கிறன், ஓகே?”

லைன் கட் ஆகவில்லை. ஐஸ்கிரீம்காரனுக்கு அவள் நன்றி சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது.

“குரல் அவளின்ரதான்” என்றார் தலைவர்.

“குரலை நம்பாதேங்கோ அண்ணை. இப்ப குரலை மெஷின் செய்யுது. நீங்களே போன கூட்டத்தில சொன்னனீங்கள்.”

தான் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லக் கேட்டால் தலைவருக்கு அது வேதம். ஆகவே இப்போது இரண்டு சாத்தியம் இருந்தது. தொலைபேசியில் கதைத்தவள் பொய், அல்லது பாத்திரம் கழுவியவள் பொய். இரண்டில் எதுவென்றாலும் மகளின் பெயரில் யாரோ உலாவுகிறார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. அது நடிப்பில்லை, சோறு இறங்கவில்லை. மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தார். பயத்தின் நடுவே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆளைப் பிடித்தால் உரைக்கு என்ன ஒரு முடிவு கிடைக்கும் என்றும் ஒரு கணம் தோன்றியது. அதற்காகத் தன்னையே கடிந்துகொண்டார். பிறகு அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் தியாகலிங்கத்துக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தார். கைத்தொலைபேசியில் மகளின் முகம் தெளிவாகத் தெரிந்த படம் ஒன்றுதான் இருந்தது. அது அவள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் எடுத்தது. நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, ஒட்டியாணம், பின்னால் காகிதத்தில் செய்த அன்னம்.

“வடிவாப் பார். உன்ர வீட்டுக்கு வந்தது இந்தப் பிள்ளைதானோ?”



“அண்ணை... இவதான் எண்டும் சொல்லலாம்.”

“இல்லை எண்டும் சொல்லலாமோ?”

“மூக்கில கொஞ்சம் வித்தியாசம் இருக்கு” என்றார் தியாகலிங்கம் எச்சரிக்கையாக.

“தியாகு, உடன வெளிக்கிடு. லுகானோவில ஏரிக்கரை ஹோட்டல், பேரை அனுப்பிறன். அங்க நிக்கிறவள் ஆரெண்டு பார். உன்ர வீட்டுக்கு வந்தவளோ, படத்தில இருக்கிறவளோ. கிட்டப் போகாதை. படம் எடு. நேரில பாத்த ஆக்களில நீதான் லுகானோவுக்குக் கிட்ட இருக்கிறாய்.”

“அண்ணை, எனக்கு வேலை...”

“வீட்டில வைச்சுச் சோறு போட்டனீ. உனக்குத்தானே முகம் தெரியும்!”

ஞாயிற்றுக்கிழமை காலை தியாகலிங்கம் ரயில் ஏறினார். தன்னை யாரும் அடையாளம் காணக்கூடாதென்று கறுப்புக் கண்ணாடியும், மகனுடைய தொப்பி வைத்த ஜாக்கெட்டும் போட்டிருந்தார்.

அதே ஞாயிறு பகல் மில்லிக்கனில் மண்டபம் நிறைந்திருந்தது. நோட்டீசில் மதிய உணவு உண்டு என்று போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் துணியில் ஒரு பெண் தனியே மலையுச்சியில் நிற்கும் படம். முன்வரிசையில் இராஜேஸ்வரி. தலைவர் அவரைக் காரில் கூட்டி வந்திருந்தார்.

தலைவர் விளக்கேற்றி, வரவேற்று, தன்னைத் தானே அறிமுகப்படுத்தி, உரையைத் தொடங்கினார். அபாயங்கள் முடிந்து அரண்களுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

“அன்பு நெஞ்சங்களே, இந்தக் கணத்தில், சுவிற்சர்லாந்தில், ஒரு பெரிய ஆள்மாறாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. என் சொந்த மகளின் பெயரில். அதைக் கண்டுபிடித்தது எது? கையளிப்பு முறை!”

மண்டபம் வடையைக் கடிப்பதை நிறுத்தியது.

“எவளடி அவள்?” என்று யாரோ ஒரு அன்ரி பக்கத்துக் கதிரையிடம் கேட்டார்.

“ஆரோ ரூமேனியாக்காரியாம்” என்றது பக்கத்துக் கதிரை. தலைவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது தலைவரின் தொலைபேசி அடித்தது. சுவிற்சர்லாந்து இலக்கம். அவர் முகம் மலர்ந்தது. செயலாளருக்குச் சைகை காட்டினார். வாகீசன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தார்.

“உங்கள் காதாலேயே கேளுங்கள்” என்றார் தலைவர்.

கேட்டார்கள். ஆங்கிலத்தில், இத்தாலிய இழுவையோடு, ஓர் ஆண்குரல். லுகானோ பொலிஸ்.

“மிஸ்டர் சண்முகநாதன்? ஏரிக்கரையில் தனியாக வந்த ஒரு பெண்ணைக் காலையிலிருந்து பின்தொடர்ந்து, மரத்துக்குப் பின்னால் நின்று படம் எடுத்த ஒருவரைத் தடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பெண்தான் எங்களை அழைத்தார். நன்றாகச் செய்தார். அந்த ஆள் உங்கள் இலக்கத்தைக் கொடுத்தார்.”

மண்டபத்தில் ஒரு மூச்சு எழுந்தது. ஐரோப்பா தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது. “பாத்தியளே, பாத்தியளே” என்றார்கள். இலக்கத்தைக் கொடுத்தார் என்ற கடைசி வரி சற்றுத் தாமதமாகத்தான் பின்வரிசைகளைப் போய்ச் சேர்ந்தது.

“ஓஃபீசர், அவர் என்னுடைய தம்பி” என்றார் தலைவர் ஆங்கிலத்தில். “அந்தப் பெண்ணை விடவேண்டாம். அவள் என் மகள் இல்லாமல் இருக்கலாம். என் தம்பி அவளுக்கு வீட்டில் சோறு கொடுத்தவர். அவரைக் கேளுங்கள்.”

“கேட்டோம். இந்தப் பெண்ணைத் தன் வாழ்நாளில் இதற்கு முன் பார்த்ததேயில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்.”

“வீட்டுக்கு வந்தவளை?”

“யாரும் வரவில்லையாம். தபாலில் ஒரு பொதி வந்ததாம். மிளகாய்த்தூள்.”

குறுக்கே ஒரு பெண் குரல் கேட்டது. மண்டபத்தில் எல்லாருக்கும் பழக்கமான, பாதி ஆங்கிலத் தமிழ்.

“முதல் நாளே சூரிச் ஸ்ரேஷனில மூண்டையும் போஸ்ட் பண்ணிட்டன். எல்லாருக்கும் சொரி எண்டு கார்டும் வைச்சனான். நான் ஒருத்தற்ற வீட்டையும் போகேல்லை.”

“அப்ப பாத்திரம் கழுவினது ஆர்?” என்றார் இராஜேஸ்வரி முன்வரிசையிலிருந்து.

ஒருவரும் கழுவவில்லை என்பது மெல்ல மெல்ல மண்டபத்துக்கு விளங்கியது. கனடாப் பிள்ளை ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை, வா என்று நாங்கள் கூப்பிடவுமில்லை என்று வெளியே சொல்ல மூன்று வீட்டாருக்கும் வெட்கம். ஆகவே மூன்று வீடுகளிலும் ஆளுக்கொரு நல்ல பிள்ளையைச் செய்துவிட்டார்கள். செய்யும்போது தகப்பனுக்குப் பிடித்த மாதிரியே செய்தார்கள். முதலாவது சிரிப்பு வடை மேசைப் பக்கமிருந்து வந்தது. வாகீசன் ஸ்பீக்கரை நிறுத்தப் பார்த்தார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தம் கூடியது.

“மிஸ்டர் சண்முகநாதன்,” பொலிஸ்காரர் தொடர்ந்தார், “நீங்கள் தகப்பன் என்று உறுதியானால் இது குடும்ப விஷயம். உங்கள் தம்பியை விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் வேறு பிரிவில் பதிய வேண்டும். தன் அப்பா இப்படி ஓர் ஆளை அனுப்பமாட்டார் என்று இந்தப் பெண் சொல்கிறார். குரலை வைத்து நம்பவும் மாட்டாராம். குரலை மெஷின் செய்யும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறாராம்.”

“நான்தான் அது! நான்தான் சொன்னேன்!”

“அப்படியானால் ஒரே ஒரு கேள்வி. இவருடைய பிறந்த தேதி?”

கேள்வி ஒலிபெருக்கிகள் வழியாக மண்டபத்தைச் சுற்றி வந்தது. வடை கடிக்கும் சத்தம் மறுபடியும் நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்தார். எத்தனையோ கூட்டங்களில் அவரைக் கைவிடாத அந்தக் கம்பீரம் இப்போதும் கைவிடவில்லை.

“ஜூன் பதினான்கு” என்றார்.

மறுமுனையில் பொலிஸ்காரர் தணிந்த குரலில் யாரிடமோ எதையோ கேட்டார். பிறகு, “சேர், நீங்கள் இந்தப் பெண்ணின் தகப்பன் இல்லை என்று நினைக்கிறேன்” என்றார்.

“மாசி பத்தொன்பது!” இராஜேஸ்வரி எழுந்து நின்று கத்தினார். “மாசி பத்தொன்பது, விடியப்புறம்! ஓஃபீசர், பெப்ரவரி, பெப்ரவரி!”

“தாங்க் யூ அம்மா” என்றது சாம்பவியின் குரல். அதில் கோபம் இருக்கவில்லை. “அவரை விடச் சொல்லுறன். அங்கிள் பாவம், அழுறார். அப்பா, முறை சரிவந்திட்டுது தானே? நான் சேஃப். வாற வருசம் நோர்வே. தனிய.”

தொடர்பு அறுந்தது. மதிய உணவை இப்போதே பரிமாறலாம் என்று செயலாளர் அறிவித்தார்.

ஜூன் பதினான்கு, ஒன்றியம் பதிவு செய்யப்பட்ட நாள்.